இருதயத் தடையும் ஒரு மருந்தின் விருத்தாந்தமும்

1827-ஆம் வருஷத்தில் டப்ளின் நகரத்து வைத்தியர் ராபர்ட் ஆடம்ஸ், 68 வயது நிரம்பிய வரி அதிகாரி ஒருவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தபோது அது நிமிஷத்திற்கு 30 தடவையே அடித்தது. ஏழு வருஷத்திற்குள் 20 முறைக்குக் குறையாமல் மூர்ச்சையுற்று விழுந்த அம்மனிதரின் வியாதிக்கு மூலம் மூளையில் அன்று, இருதயத்தில்தான் என்று அவர் துணிந்து எழுதினார். 1846-ல் அவ்வூர் வில்லியம் ஸ்டோக்ஸும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரித்துரைக்கவே, இருவர் பெயரும் அந்நோய்க்கு நிலைத்துவிட்டன.

மேலறையில் பிறக்கும் துடிப்பு கீழறைகளுக்கு இறங்கி வர ஒரு மெல்லிய தசைப் பாதையே உண்டென்பது, 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ், 1906-ல் சுனாவோ தவாரா ஆகியோரின் ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. அப்பாதை முற்றும் அடைபட்டால், மேலறைகள் எழுபது எண்பது என்று தம்போக்கில் துடித்துக்கொண்டிருக்க, கீழறைகள் தமக்குள்ள சொற்ப சுயசக்தியைக் கொண்டு முப்பது நாற்பது என்று தனியே அடிக்கும். அதுவும் சில விநாடி நின்றுபோனால் முகம் வெளுத்து, கண் செருகி, கைகால் வெட்டி இழுத்து மனிதர் சாய்வார். துடிப்பு திரும்பியதும் வெளுத்த முகத்தில் குப்பென்று இரத்தம் பாயும்.

இந்நோய்க்கான மருந்து வேறொரு திசையிலிருந்து வந்தது. சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்த சிறு சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துமென ஆலிவரும் ஷேஃபரும் 1894-ல் கண்டார்கள். 1901-ல் டகாமினே அதிலிருந்து அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தார். 1922-ல் ஃபியரும் பார்க்கின்சனும் இந்த மூர்ச்சை நோய்க்கு அதைப் பிரயோகித்த அனுபவத்தை லண்டனில் வெளியிட்டார்கள்.

அம்மருந்து செய்த உபகாரத்தின் தன்மையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முற்றும் அடைபட்ட பாதையை அது திறந்துவிடவில்லை. பாதைக்கு அப்பால் தனித்துக் கிடந்த கீழறைகளின் சொந்தத் துடிப்பையே தட்டி எழுப்பி விரைவுபடுத்திற்று. ஓய்ந்த இருதயத்தை அடிக்கவைத்த அதே வேகம், சில வேளை கீழறைகளை ஒழுங்கற்ற நடுக்கத்தில் தள்ளி உயிரையே கொண்டுபோயிற்று; ஆகவே ஊசி போட்ட கை நாடியை விட்டு அகலாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊசியின் பலனோ அற்ப நேரமே நின்றது. 1940-ல் கான்செட் ஆராய்ந்த ஐசோபிரினலின் ஆஸ்துமாவுக்கென்று வந்து, பின்னர் இருதயத் தடைக்கும் பயன்பட்டது. விழுங்கினால் வீரியம் கெடுமாதலால் அம்மாத்திரையை நாவின் அடியில் வைத்துக் கரைப்பார்கள், சில மணிக்கொருதரம், நள்ளிரவிலும் எழுந்து. அந்த இரவுகளில் கண்விழித்து மாத்திரை எடுத்துக் கொடுத்த வீட்டாரின் பெயர் வைத்திய சரித்திரத்தில் இல்லையே என்பது எனக்கு வருத்தந்தான்.

ஸ்டாக்ஹோமில் நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை மூர்ச்சையுற்ற 43 வயது மனிதர் ஒருவருக்கு எபிட்ரின், அட்ரோபின், ஐசோபிரினலின், காபீன் எல்லாம் கொடுத்தும் குணமில்லை. அவருடைய மனைவி விடாமல் மன்றாடியதன்மேல், ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவையே அச்சாகக் கொண்டு பிசினில் வார்த்த, இருதயத்தைத் துடிக்கவைக்கும் ‘பேஸ்மேக்கர்’ என்ற மின்கருவியை, ஓகே செனிங் 1958 அக்டோபர் 8-ஆம் தேதி அவர் உடலுக்குள் பொருத்தினார். சில மணி நேரத்தில் அது ஓய்ந்துவிட, மற்றொன்றை வைத்தார்கள். அம்மனிதர் 2001 வரை ஜீவித்திருந்தார்.

இன்றும் பேஸ்மேக்கர் கம்பி இருதயத்தைச் சென்றடையும் வரையிலுள்ள சில மணி நேரத்திற்கு, நோயாளியின் இரத்தக் குழாயில் ஐசோபிரினலின் சொட்டுச் சொட்டாக இறங்க, கட்டிலருகே ஒருவர் துடிப்பைக் கணக்கிட்டுக்கொண்டே நிற்பதுண்டு.