ஆண்டெனாவும் தெளியாத படமும்

தொலைக்காட்சியில் படம் தெளிவாக விழாதபோது பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் பெட்டி குற்றமற்றது. குற்றம் மாடியில் இருந்தது. அல்லது மாடிக்கும் ஒளிபரப்புக் கோபுரத்திற்கும் இடைப்பட்ட வெளியில் இருந்தது. இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள்ளைப் போல அலுமினியக் கம்பிகளை விரித்து நின்ற ஆண்டெனாவின் வரலாற்றை அறிந்தோமானால், படம் ஏன் மங்கிற்று, ஏன் இரண்டாகத் தெரிந்தது என்பவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். லத்தீன் மொழியில் அச்சொல் கப்பற்பாயைத் தாங்கும் குறுக்குமரத்தைக் குறித்தது. பூச்சிகளின் உணர்கொம்புக்கும், பின்னர் கம்பியில்லாத் தந்தியின் கம்பிக்கும் அதுவே பெயராயிற்று. கலைச்சொற்களில் 'அலைவாங்கி' என்று அழகாகவே எழுதுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், மாடியில் ஏறிய ஒருவரும் அச்சொல்லைச் சொல்லக் கேட்டதில்லை. வானொலிக்கு 'ஏரியல்', தொலைக்காட்சிக்கு 'ஆண்டெனா' என்பதே மக்கள் வழக்கு. நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இக்கம்பிகளின் அமைப்பை வகுத்தவர்கள் ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தோஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிந்தாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் ஆவர். 1926-இல் இவ்வாராய்ச்சி ஜப்பானில் வெளியாயிற்று. 1928-இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையே மேல்நாட்டார் கண்ணிற் பட்டது. ஆகவே சோதனைகளின் பெரும்பகுதி உடாவினுடையதாயிருந்தும், உலக வழக்கில் யாகியின் பெயரே நிலைத்தது. மொழிபெயர்ப்பு யாருக்குப் புகழ் சேர்க்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று!

அமைப்பு மிக எளியது. அலையைப் பெறுவது ஒரே ஒரு கம்பிதான். அதன் பின்னே சற்று நீண்ட கம்பி ஒன்று அலையைத் திருப்பித் தரும். முன்னே உள்ள குட்டைக் கம்பிகள் அலையை வழிப்படுத்தும். முன்னிருந்து வருவது வலுப்பெறும். பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவது தளரும். ஆகையால் குட்டைக் கம்பிகளே கோபுரத்தை நோக்க வேண்டும். இதை அறியாமல் பின்புறத்தை முன்புறமாகப் பொருத்திவிட்டுப் பெட்டியைப் பழித்தவர் பலர்.

பிறந்த நாட்டில் இக்கண்டுபிடிப்பு உடனே மதிக்கப்படவில்லை. 1942-இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ராடார் குறிப்பேடு ஒன்றில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காது திகைத்தனர். சிறைப்பட்ட வீரரை வினவியபோது, அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயரல்லவா என்று அவர் விடையளித்தார் என்று கூறுவர்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள், யுனெஸ்கோவின் உதவியுடன், டில்லியில் சோதனையாகத் தொடங்கிற்று. ஆகாசவாணியின் ஒரு பகுதியாகவே அது பிறந்தது. நாள்தோறும் ஒளிபரப்பு நிகழத் தொடங்கியது 1965-இல். பம்பாய் 1972-இலும், சென்னை 1975-இலும் நிலையம் பெற்றன. 1982-இல் வண்ணம் வந்தது. 1984-இல் நாடெங்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் பெருகியபோது, ஆண்டெனா இல்லாத மாடி அரிதாயிற்று.

வெளிமாநிலத் தமிழருக்கு அக்கம்பி வேறொரு வகையிலும் இன்றியமையாததாயிருந்தது. 1980-களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாநில மொழிப் படங்களை முறை வைத்து ஒளிபரப்பினர். மொழிகளோ பல, தமிழின் முறை வருவதற்கு வாரங்கள் கழியும். அந்த நாளில் படம் தெளியாவிட்டால் மீண்டும் காத்திருக்க வேண்டியதுதான். எனவே காலையிலேயே ஒருவர் மாடியில் ஏறிக் குழாயைத் திருப்புவார், ஒருவர் படியில் நிற்பார், ஒருவர் பெட்டியின் முன் அமர்ந்து, "வந்துடுச்சு! ஐயோ, போயிடுச்சு, பழையபடி திருப்புங்கோ" என்று கூவுவார். தமிழ் அறியாத பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் "ஆ கயா, ஆ கயா" என்று உதவிக்கு வருவதுண்டு.

அம்முயற்சி வெற்றி பெற, படம் கெட்ட விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். திரை முழுவதும் வெண்பொடி தூவினாற்போலிருந்தால் அலை வலுவற்றது: உயரம் போதாது, அல்லது திசை பிசகிற்று. மழையில் மட்டும் மங்கினால், கம்பியும் ஒயரும் சேரும் இணைப்பில் நீர் புகுந்து துருவேறியது என்று கொள்ளலாம். தெருவில் ஸ்கூட்டர் செல்லும்போது மட்டும் புள்ளிக்கோடுகள் ஓடினால் அது எஞ்சினின் மின்பொறி. டில்லியிலோ வேறு காரணங்களும் உண்டு: கம்பியை வளைக்கும் குரங்குகள், ஆகஸ்டு 15-இல் சிக்கிக்கொள்ளும் பட்டத்து நூல். 'பூஸ்டர்' வாங்கிப் பெட்டியின் அருகே வைத்தவர்கள் ஏமாந்தனர். நீண்ட ஒயரில் வலுவிழந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கிற்று. அதன் இடம் மாடிக்கம்பத்தின் உச்சியே.

எல்லாவற்றிலும் சுவையானது நிழற்படம். நேரே வரும் அலை ஒன்று. உயர்ந்த கட்டடத்திலோ நீர்த்தொட்டியிலோ பட்டுத் திரும்பி வரும் அலை மற்றொன்று. பின்னது 300 மீட்டர் சுற்றி வந்தால், வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதமாகும். திரையில் ஒரு கோட்டை எழுத ஏறக்குறைய 52 மடங்கு அந்நேரம் செல்லும். ஆகவே 40 செ.மீ. அகலமுள்ள திரையில் நிழல் முக்கால் செ.மீ. வலப்புறமாக விழும். நிழலின் தூரத்தை அளந்தே அலை எவ்வளவு சுற்றி வந்தது என்று கணக்கிடலாம்! இதற்கு உயரத்தைக் கூட்டுவது எப்போதும் மருந்தன்று. கோபுரத்திலிருந்து சிறிது விலக்கித் திருப்பினால், திரும்பி வரும் அலை கம்பியின் செவிட்டுப் பக்கத்தில் வீழ்ந்து மறைவதுண்டு.

மாற்றலாகும் அரசு ஊழியர் ஆண்டெனாவையும் கழற்றி உடன்கொண்டு சென்றனர். புதிய ஊரில் அது பயன்படாமற் போனதும் உண்டு. கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதி. தாழ்ந்த அலைவரிசைக்கு அது இரண்டு முதல் மூன்று மீட்டர். உயர்ந்த அலைவரிசைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஊர் மாறாமலே திசை மாறியவர்களும் இருந்தனர். தொடக்கத்தில் ஆகாசவாணி பவனமிருக்கும் தென்கிழக்கை நோக்கி நின்ற கரோல் பாக் ஆண்டெனாக்கள், 1988-இல் பீதம்புராவில் 235 மீட்டர்க் கோபுரம் எழுந்தபின் வடமேற்கே திரும்பின.

அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. அமிர்தசரசில் லாகூரை நோக்கியும், லாகூரில் அமிர்தசரசை நோக்கியும் கம்பிகள் நின்றன. 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், நம் தென்கரையோரத்து மாடிகளில் பல ஆண்டெனாக்கள் கடலைப் பார்த்து நின்றன.

தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களிற் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டன. மாடிகளில் இப்போது வட்டத் தட்டுகள். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதால், டில்லியில் அவை தென்திசை வானையே நோக்கும். டிஜிட்டல் படத்தில் வெண்பொடியும் இல்லை, நிழலும் இல்லை. படம் உறைந்து நிற்கும், அல்லது அறவே மறையும். அப்போதும் பெட்டியைத் தட்ட வேண்டா. தட்டின் தெற்கே வேப்பமரம் வளர்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் புதிய மாடி எழும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.