மேல எழும்பாத கை

இந்த எபிசோட் கிளாவரையில ஆரம்பிக்குது. கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர், பூண்டி எல்லாம் தாண்டி, பஸ் நின்னு திரும்புற கடைசி ஊர். என் அத்தை ஊரு. திருவிழாவுல கும்மியை எடுத்துக் கொடுக்குறது அவங்கதான். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு, ரெண்டு வருஷமா வட்டத்துக்கு வெளியே நிக்கிறாங்க. கேட்டா, "கை எழும்பலடா தம்பி." கை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

இந்தக் கைக்கு ஒரு வரலாறு இருக்கு. 1894-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பல பத்தாண்டுகள் அதுதான் நடைமுறை. பிழைத்தவர்களுக்குத் தோள் இறுகும், கை வீங்கும். வெளியே பேச மாட்டார்கள். 1952-ல் இதே ஆபரேஷன் செய்துகொண்ட நியூயார்க் பெண் டெரீஸ் லாஸர், தன்னைப் போன்றவர்களை ஆஸ்பத்திரியிலேயே தேடிப் போனார். கொண்டுபோனது ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் கயிறு. கைப் பயிற்சிக்கு. இன்னைக்குத் தசையை எடுக்குறது அபூர்வம், ஆனா அக்குள் முடிச்சுகளை எடுத்தா அந்தத் தொல்லை இப்பவும் வரலாம்.

நம்ம பக்கம் வருவோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவரும் அவரே; சதிர்க் கச்சேரிகளையும் எதிர்த்தார். அந்தச் சதிர்தான் பரதநாட்டியம் என்று பேர் மாறி மேடைக்கு வந்தது.

கலாக்ஷேத்ராவில் அதைக் கற்றவர் ஆனந்தா சங்கர் ஜெயந்த். ஐதராபாத்காரர், ரயில்வே அதிகாரியாக இருந்தவர், 2007-ல் பத்மஸ்ரீ. மறுவருஷம் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோ நடக்கும்போதே ஆடினார். 2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில் அதைச் சொல்லி, ஆடியும் காட்டினார். நோய் தன் வாழ்க்கையில் ஒரு பக்கம் மட்டும்தான் என்பது அவர் பிடிவாதம். நாட்டியம் கட்டியைக் கரைக்காது. அவரும் சிகிச்சையை விடவில்லை.

அத்தைக்கும் சுவத்துல விரலால ஏறுற பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஒரு வாரம் செஞ்சாங்க, விட்டுட்டாங்க. எனக்குப் புரியுது: சுவர் முன்னாடி நின்னா நோயாளி, கும்மியில நின்னா அத்தை.

கிளாவரையில சிக்னல் கஷ்டம். அதனால அந்த வீடியோவைக் கொடைக்கானல்லயே டவுன்லோட் பண்ணிட்டுப் போனேன். பூண்டு உரிச்சுக்கிட்டே பார்த்தாங்க. முடிஞ்சதும் ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு எந்தப் பக்கம்டா?"

மறுபடியும் போடச் சொன்னாங்க.