தள்ளிய கடனும் கிரயத் தொகையும்

தர்மபுரியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். மூலப்பத்திரங்களைப் புரட்டும்போது 1938 என்ற வருஷத்தில் கை நின்றுவிடும்.

ராஜாஜி அரசு சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போட்ட வருஷம் அது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லா. ராஜாஜியும் அதே ஜில்லாவின் தொரப்பள்ளிக்காரர். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வருமான வரி கட்டியவர் விவசாயிக் கணக்கில் வரமாட்டார்.

கடன் கொடுத்தவரே நிலத்தை வைத்து அனுபவிக்கும், வட்டி குறிக்காத சுவாதீனப் போக்கியத்தை 1938 சட்டம் தொடவில்லை. அங்கே விளைச்சல்தான் வட்டி. தன் புஞ்சையிலேயே கூலிக்குக் கேழ்வரகு அறுத்தவர்கள் உண்டு. அப்படி 30 வருஷம் அனுபவித்தவரிடமிருந்து அசல் தராமலே நிலத்தை மீட்க வழி செய்தது 1948 திருத்தம்.

கடன் கொடுப்பவர் சும்மா இருப்பாரா? அடமானமே வேண்டாம், கிரயமாக எழுது என்பார். பணம் வந்தால் திருப்பித் தருவதாகத் தனியாக ஒரு காகிதம். சிலரிடம் அதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். அப்படிப்பட்ட கிரயத் தொகையை வைத்து அந்தக் கால நில விலையைக் கணக்கிடாதீர்கள். அதில் எழுதியிருப்பது கைமாறிய கடன். நிலம் அதைவிட எவ்வளவோ பெறும்.