தோற்றது யார்?

குறிஞ்சிப்பாடியோ நெய்வேலியோ, பள்ளி வினாடி வினா என்றால் "வென்றது யார்?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். "தோற்றது யார்?" என்று கேட்டுப் பாருங்கள், அரங்கமே அமைதியாகிவிடும்!

1954-55ல் மெட்ராஸ் அணி (இன்றைய தமிழ்நாடு) முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் 46 ரன்களில் தோற்றது யார்?

விடை: ஹோல்கர். இந்தூர் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்து, 4 முறை கோப்பையை வென்ற அணி. சொந்த ஊரான இந்தூரிலேயே தோற்றது. அதன் பிறகு அந்தப் பெயரில் ஓர் அணி ரஞ்சியில் ஆடவே இல்லை.

அடுத்த கேள்வி. 1954ல் முடிந்த கல்கியின் தொடர்கதை 'பொன்னியின் செல்வன்'. அந்தத் தலைப்பு யாரைக் குறிக்கிறது?

கதை முழுக்க வருவதால் பலர் வந்தியத்தேவன் என்பார்கள். சரியான விடை அருள்மொழிவர்மன். கைக்கு எட்டிய மணிமுடியை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தவர். திருவாலங்காட்டுச் செப்பேடும் இதைச் சொல்கிறது. பிறகு 985ல்தான் அவர் ராஜராஜனாக அரியணை ஏறினார்.

முடியை விட்டவருக்கு ஒரு நாவலின் தலைப்பே கிடைத்தது. கோப்பையை விட்ட ஹோல்கருக்கு வினாடி வினாவில் ஒரு கேள்வியாவது கிடைக்கட்டுமே!