வட்டைக்கு வந்த யூரியாவும் மாட்டுக்கு வராத பசளையும்

எங்கட ஊர்களில் பசளை என்றாலே யூரியாதான். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து வட்டைகள் விரிந்தன. 1962இல் பசளை மானியம் தொடங்கியது. 2005இற்குப் பிறகு 50 கிலோ மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்த காலமும் இருந்தது. இந்த வரலாறு முழுக்க நெல்லைச் சுற்றியதுதான். பட்டிமாடு வைக்கோலையும் வரம்புப் புல்லையும் தின்று கொள்ளும் என்பதே கணக்கு.

திருக்கோவில் தொடக்கம் கல்முனை வரை மேய்ச்சல் தரை சுருங்கிவரும் இந்த நாளில் அந்தக் கணக்கு பிழைக்கிறது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு பங்கு அளவுதான். வேலியில் நிற்கிற கிளிரிசீடியாவின் காய்ந்த இலையில் இருபதுக்கு மேல். அகத்தி, இப்பில் இப்பில் எல்லாம் இதே அவரைக் குடும்பம். சரி, இவற்றுக்கு என்ன பசளை போடுவது?

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1842இல் சுப்பர் பொஸ்பேற்றுக்குக் காப்புரிமை பெற்ற ஜோன் பெனற் லோஸ், 1856இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் ஒரு புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு பசளை இடத் தொடங்கினார். நைதரசன் மிகுதியாக இட்ட துண்டுகளில் புல் ஓங்கி, அவரையினச் செடிகள் ஏறக்குறைய இல்லாமற் போயின. நைதரசனை விட்டு, பொசுபரசும் பொற்றாசியமும் இட்ட துண்டுகளில் அவை பெருகின. அந்தப் பரிசோதனை இன்றும் நடக்கிறது.

காரணம் தெரிய முப்பது வருடம் பிடித்தது. அவரையினத்தின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன என்று 1886இல் ஜேர்மனியின் ஹெல்றீகல் அறிவித்தார். யூரியா கொட்டினால் செடி அந்தப் பற்றீரியாவுக்குச் சாப்பாடு கொடுப்பதைக் குறைத்துவிடும். இலவசமாகக் கிடைப்பதை நிறுத்திக் காசுக்கு வாங்குகிற வேலை அது! பொசுபரசு குறைந்த மண்ணில் அதை இட்டால் சிறுகணு பெருகும், இலை கூடும், இலையின் புரதமும் கூடும். இலையில் ஏறும் பொசுபரசு மாட்டின் எலும்புக்கும் சினைக்கும் பாலுக்கும் வேண்டியது.

அளவுதான் முக்கியம். 1942இல் அவுஸ்திரேலியாவில் அன்டர்சன் என்பவர் ஏக்கருக்கு ஓரிரு அவுன்ஸ் மொலிப்தனத்தால் குளோவர் தீவனம் செழிப்பதைக் காட்டினார். அதே மொலிப்தனம் தீவனத்தில் மிஞ்சினால் மாட்டின் உடலில் செம்பு குறைந்து வயிற்றோட்டம் வரும்.

பொசுபரசு எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவல பாறை. அதை வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை விவசாயிகள் சிலர் எதிர்த்து வழக்காடினார்கள். 2000இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஆனால் அந்தப் பாறை நீரில் எளிதில் கரையாது. மூன்றரை மாத நெல்லுக்கு அது சரிவராது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது எப்பாவல எங்கள் வயலைக் காப்பாற்றாததற்கு அதுவும் ஒரு காரணம். நவம்பரில் தடை தளர்ந்தது, விலை தளரவில்லை.

கிளிரிசீடியா பல வருடம் நிற்கிற மரம்; மெதுவாகக் கரைகிற பாறைத்தூளுக்குக் காத்திருக்கும். அவரையின வேர்கள் தம்மைச் சுற்றிய மண்ணைச் சற்று அமிலமாக்கி அதைக் கரைக்கவும் செய்யும். சிப்பி கலந்த கரையோர மணலில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. மேற்கே உள்ள காணிக்காரர், மண்ணைப் பரிசோதித்த பிறகு, ஒரு வேலி ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம். கையில் மிஞ்சின யூரியா நெல்லுக்கே போகட்டும்.