பத்து மைக்ரான் பூச்சுக்கு யார் சொந்தக்காரர்?

லேத் பட்டறைகளில் கார்பைடு டிப் என்றால் ஒரு காலத்தில் ஒரே நிறம்தான், மங்கலான சாம்பல். இன்று இன்சர்ட் டப்பா ஒன்றைத் திறந்து பாருங்கள். தங்க நிறம், கருப்பு, ஊதா கலந்த சாம்பல் என்று விதவிதமாக மின்னும். அழகுக்காகப் பூசியது என்று நினைத்துவிட வேண்டாம். தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு. கருப்பாகத் தெரிவது பல நேரங்களில் அலுமினியம் ஆக்சைடு. பூச்சின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 20 மைக்ரானைத் தாண்டாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே இதைவிடப் பருமன்!

இந்த மெல்லிய பூச்சுக்காகத்தான் ஸ்வீடன், ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கக் கம்பெனிகள் காப்புரிமைகளை வாங்கிக் குவித்திருக்கின்றன. விண்ணப்பம் வந்ததும் காப்புரிமை அலுவலகத்தில் இருக்கும் பரிசோதகர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இது புதியதா? துறை தெரிந்த ஒருவர் சாதாரணமாகவே யோசித்திருக்கக் கூடியதா? எழுதியிருப்பதைப் படித்து இன்னொருவர் செய்து பார்க்க முடியுமா? புது மாதிரி பூட்டோ தையல் மிஷினோ என்றால் படத்தை வைத்தே ஓரளவு முடிவு செய்யலாம். வெட்டுக் கருவியில் அது நடக்காது. பழைய டிப்பும் புது டிப்பும் பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் உள்ளே இருக்கிறது.

இந்தத் தலைவலி பூச்சோடு பிறந்தது அல்ல. நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது.

1868-இல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் என்பவர் டங்ஸ்டன் கலந்த ஒரு எஃகு செய்தார். காய்ச்சிய பிறகு தண்ணீரில் முக்கத் தேவையில்லை. காற்றில் ஆறினாலே இறுகிவிடும். மஷெட் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ரகசியமாகவே வைத்துக்கொண்டார். காப்புரிமை வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுத்தாக வேண்டுமே! கலவையின் விவரம் வெளியே போகாமல் எஃகு மட்டும் ஷெஃபீல்டிலிருந்து விற்பனைக்குப் போனது.

முப்பது வருடம் கழித்து அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் ஃபிரெடெரிக் டெய்லர், மான்சல் வைட் என்ற இருவர் இதே வகை எஃகை எடுத்துக்கொண்டார்கள். (மேனேஜ்மென்ட் பாடத்தில் வரும் அதே டெய்லர்தான். ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளிகளின் வேலையை அளந்தவர்.) அன்றைய நம்பிக்கை என்னவென்றால், டூல் எஃகை ஓரளவுக்கு மேல் சூடாக்கினால் அது கெட்டுவிடும் என்பது. சோதனை செய்தபோது அந்த நம்பிக்கை பாதி உண்மை என்று தெரிந்தது. சுமார் 1,550 முதல் 1,700 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாக்கிய கருவி கெட்டுத்தான் போனது. ஆனால் 1,725 டிகிரியைத் தாண்டி, கிட்டத்தட்ட உருகும் நிலைவரை கொண்டுபோனால் கதை தலைகீழ். பழைய கருவியைவிடப் பல மடங்கு நன்றாக வெட்டியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டியபோது கருவியின் முனை மங்கிய சிவப்பாகக் கனன்றபடியே வெட்டியது. சீவல் நீல நிறத்தில் சுருண்டு வந்தது. பார்த்த ஐரோப்பிய இன்ஜினியர்கள் அசந்து போனார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற பெயரின் தொடக்கம் இங்கேதான்.

1899-இல் விண்ணப்பம் போட்டார்கள், 1901 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. அவர்கள் உரிமை கேட்டது புது உலோகத்துக்கு அல்ல, சூடாக்கும் முறைக்கும் அதனால் கிடைக்கும் கருவிக்கும். பரிசோதகர் ஏற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த புத்தகங்களும் பழைய காப்புரிமைகளும் அதிகம் சூடாக்காதே என்றுதானே சொல்லின?

ஆனால் கொல்லர்கள் புத்தகம் எழுதுவதில்லை. பெத்லஹேம் கம்பெனி நைல்ஸ் பெமென்ட் பாண்ட் என்ற மெஷின் டூல் கம்பெனி மீது வழக்குப் போட்டபோது எதிர்த்தரப்பு பட்டறைகளைத் தேடிப் போனது. அந்த வகை எஃகை டெய்லருக்கு முன்பே மிக அதிகமாகக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள் என்று வாதம் வைத்தது. 1909-இல் தீர்ப்பு டெய்லர், வைட் இருவருக்கும் எதிராக வந்தது. காப்புரிமை செல்லாது!

டெய்லர் இந்த ஆராய்ச்சிகளைப் பற்றி 1906-இல் எழுதிய நீண்ட அறிக்கையில் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்: 26 வருடம், 30,000-க்கும் மேற்பட்ட சோதனைகள், சீவலாகப் போன இரும்பும் எஃகும் மட்டும் 8 லட்சம் பவுண்டு. அவ்வளவு உழைப்பும் நிஜம்தான். அதிகச் சூட்டை எண்ணில் அளந்து, எங்கே கெடுகிறது எங்கே மறுபடி நன்றாகிறது என்று வரைந்து காட்டியது அவர்கள்தான். ஆனாலும் ஒன்றை முதலில் அளந்தவர் வேறு, முதலில் செய்தவர் வேறு. கொல்லர் கண்ணால் நிறம் பார்த்துச் செய்ததை இன்னொருவர் வெப்பமானி வைத்துச் செய்தால் அது புதுக் கண்டுபிடிப்பா? டெய்லருக்கு இது அநியாயமாகத் தோன்றியிருக்கும். பட்டறைக்காரர்கள் பக்கமிருந்து பார்த்தால், தாங்கள் பழகிய வேலைக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டிவந்திருக்கும்.

அடுத்தது கார்பைடு. பெர்லினில் ஓஸ்ராம் பல்பு கம்பெனிக்காக உழைத்த கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு கலந்து அழுத்திச் சுட்டார். 1923-இல் ஜெர்மனியில் விண்ணப்பம், 1925-இல் அமெரிக்கக் காப்புரிமை. டங்ஸ்டன் கார்பைடு என்ற பொருள் அதற்கு முன்பே தெரிந்ததுதான். தனியாகச் சுட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கோபால்ட் அதைப் பிடித்து வைத்தது. க்ரூப் கம்பெனி 1927 லைப்ஸிக் கண்காட்சியில் இதை விடியா என்ற பெயரில் அறிமுகம் செய்தது. ஜெர்மன் மொழியில் வைரத்தைப் போல என்ற சொற்களைச் சுருக்கிய பெயர். நம் பட்டறைகளில் இன்றும் சிலர் கார்பைடு டிப்பை விடியா என்றுதான் சொல்வார்கள்.

காப்புரிமை கொடுப்பதா வேண்டாமா என்பது வெறும் காகித விவகாரம் அல்ல என்று இங்கே புரியும். 1928-இல் க்ரூப்பும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அமெரிக்கச் சந்தையை ஜெனரல் எலக்ட்ரிக் பக்கம் விட்டார்கள். பவுண்டுக்கு 50 டாலர் அளவில் கிடைத்த கார்பைடு அமெரிக்காவில் 453 டாலர் வரை ஏறியது! தங்கத்தைவிட விலை. 1940-இல் டெட்ராய்ட் நீதிமன்றத்தில் ஒரு சிறிய டூல் கம்பெனியோடு நடந்த வழக்கில் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பானது. 1948-இல் சந்தையைச் சேர்ந்து கட்டுப்படுத்திய குற்றத்துக்காக ஜெனரல் எலக்ட்ரிக் தண்டிக்கப்பட்டது. இடையில் ஒரு உலகப் போர். பீரங்கியும் டாங்கியும் செய்ய வேண்டிய நாடு வெட்டும் கருவியை யானை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த கதை அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வரை போனது.

சரி, இப்போது பூச்சுக்கு வருவோம்.

கார்பைடு கடினமானது, ஆனால் எஃகை வேகமாக வெட்டும்போது ஒரு பிரச்சினை. சூடான சீவல் டிப்பின் மேல் உரசிக்கொண்டே ஓடும்போது கார்பைடு அதில் கரைந்து போகிறது. டிப்பின் மேல் ஒரு குழி விழும். இதைத் தடுக்க 1969-இல் சான்ட்விக் டைட்டானியம் கார்பைடு பூசிய டிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் க்ரூப்பும் இதில் இறங்கியிருந்தது. டைட்டானியம் டெட்ராகுளோரைடு, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைச் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் டிப்புகளின் மேல் செலுத்தினால் பூச்சு தானாகப் படியும். கேட்க எளிது. சூடு கொஞ்சம் தவறினாலும் பூச்சு அடியிலிருக்கும் கார்பனை உறிஞ்சிவிடும். அங்கே நொறுங்கும் அடுக்கு ஒன்று உருவாகும். பிறகு அலுமினியம் ஆக்சைடு வந்தது. சூட்டிலும் எஃகோடு வினை புரியாது. 1970-களின் முற்பாதியில் ஜெனரல் எலக்ட்ரிக், சான்ட்விக் இரண்டுமே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றன.

அதன் பிறகுதான் பரிசோதகரின் வேலை கடினமானது. முதல் தலைமுறையில், இந்தப் பொருளை இந்த டிப்பின் மேல் பூசினோம் என்று சொன்னாலே புதுமை. எல்லாப் பொருளும் பூசி முடிந்த பிறகு? பூச்சின் உள்ளே போக வேண்டியதுதான். அலுமினியம் ஆக்சைடு ஆல்ஃபா, காப்பா என்று வெவ்வேறு படிக வடிவங்களில் படியும். காப்பா நிலையற்றது, வெட்டும் சூட்டில் ஆல்ஃபாவாக மாறும்போது சுருங்கும், விரிசல் விடும். எனவே முதலிலிருந்தே ஆல்ஃபாவாக வளர்த்தோம் என்று சில காப்புரிமைகள். அடுத்து, ஆல்ஃபா படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி வளர்த்தோம் என்று இன்னும் பல. நெல் வயலில் கதிர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது போல வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் பேச்சும் இல்லை. சான்ட்விக் 2013-இல் ஒரே திசைப் படிகங்களோடு வெளியிட்ட டிப் எஃகு கடைசலில் நன்றாகவே உழைத்தது.

இந்தத் திசையை எக்ஸ்ரே கொண்டு அளக்கிறார்கள். பல திசைகளில் திரும்பி வரும் கதிரின் வலிமையை, தாறுமாறாகக் கிடக்கும் அலுமினாத் தூளோடு ஒப்பிட்டு ஒரு எண் வரும். 1 என்றால் தனி நாட்டம் எதுவும் இல்லை. கணக்கில் எட்டுத் திசைகளை எடுத்துக்கொண்டால் அதிகபட்சம் 8 வரும், ஆறு எடுத்தால் 6. இங்கேதான் சிக்கல். ஒரு கம்பெனி ஆறு திசை எடுத்து எழுதும், இன்னொன்று எட்டு எடுக்கும். புது விண்ணப்பத்தில் ஒரு குறிப்பிட்ட திசையின் எண் 5-க்கு மேல் என்று இருக்கும். பழைய காப்புரிமையில் அந்தத் திசை கணக்கிலேயே சேர்ந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பரிசோதகருக்கு விடை கிடைக்காது. பழையவர் அதே வாயு, அதே சூட்டில் வளர்த்திருந்தால் அவருடைய பூச்சிலும் அந்தத் திசை இருந்திருக்கலாம். அவர் அளக்கவில்லை, அவ்வளவுதான். டெய்லரும் கொல்லரும் மறுபடி வந்துவிட்டார்கள்!

பரிசோதகரிடம் உலை கிடையாது, எக்ஸ்ரே மிஷினும் கிடையாது. 1977-இல் அமெரிக்க நீதிமன்றம் பெஸ்ட் என்பவரின் மேல்முறையீட்டில் இதற்கு ஒரு வழி சொன்னது. அது வேறு துறை, ஜியோலைட் என்ற தாதுப்பொருள் சம்பந்தப்பட்டது. இரண்டு பொருளும் ஒன்று போலத் தெரிந்தால், இல்லை என்று சோதனை செய்து காட்டும் பாரம் விண்ணப்பதாரருடையது என்பது அதன் சாரம். செய்து பார்க்க வசதி உள்ளவர் செய்து காட்டட்டும் என்பது நியாயம்தானே? பூசிய டிப் விண்ணப்பங்களிலும் அமெரிக்கப் பரிசோதகர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஐரோப்பாவில் இன்னொரு வழியும் உண்டு. காப்புரிமை கொடுத்து 9 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பவர் பெரும்பாலும் போட்டிக் கம்பெனி. உலையும் எக்ஸ்ரேயும் அவர்களிடம் இருக்கும். பழைய செய்முறைப்படியே பூசி, அளந்து, இந்த எண் எங்களுக்கும் வருகிறது என்று கொண்டுவந்து வைக்கலாம். அப்படியே செய்தீர்களா, எங்காவது உங்கள் வசதிக்கு மாற்றினீர்களா என்று மறுதரப்பு கேட்கும். சண்டை நீளும்.

எண்ணை வைத்து உரிமை கேட்கலாமா என்ற அடிப்படைக் கேள்விகூடச் சமீபத்தில் எழுந்தது. யுஎஸ் சிந்தெடிக் என்ற கம்பெனி, துளையிடும் கருவிகளில் கார்பைடு மேல் பிணைக்கும் வைர அடுக்குக்கு உரிமை வாங்கியிருந்தது. அந்த அடுக்கை அது காந்தப் பண்புகளை அளந்து விவரித்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022-இல் இது வெறும் கருத்து, பொருள் அல்ல என்று தள்ளியது. 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. அளந்த எண் அந்தப் பொருளின் அமைப்பைக் காட்டுகிறது, எனவே அது பொருள்தான் என்றது.

அதே வருடம் ஜூலையில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பெரிய மேல்முறையீட்டு மன்றம் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. சந்தையில் விற்ற ஒரு பொருளை மற்றவர்கள் அப்படியே திரும்பச் செய்ய முடியாது என்றால், அது ஏற்கெனவே தெரிந்த பொருள் என்ற கணக்கில் வருமா? வழக்கு சூரிய மின்தகட்டில் பயன்படும் ஒரு பிளாஸ்டிக் பற்றியது. வரும் என்று மன்றம் சொன்னது. பூச்சுத் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொருவரின் உலையில் எந்த வாயு எத்தனை நிமிடம் ஓடியது என்று டிப்பை அறுத்துப் பார்த்தாலும் முழுதாகத் தெரியாது. திரும்பச் செய்ய முடியாதென்ற காரணத்தை மட்டும் காட்டி அந்த டிப்பை ஒதுக்கிவிட ஐரோப்பாவில் இனி வழியில்லை. விற்ற டிப்பை வாங்கி, எக்ஸ்ரேயில் வைத்து, எண்ணைக் காட்டலாம். அந்த டப்பா எந்தத் தேதியில் விற்றது என்பதற்குப் பழைய பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.