ஏட்டிலிருந்து ஒருங்குறிக்கு

ஏட்டுச்சுவடியைக் கரையான் அரித்தது. கணிப்பொறி ஏறிய தமிழையோ எழுத்துருக் குழப்பம் அரித்தது. 1990களில் மென்பொருள் செய்தோர் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளை வகுத்துக்கொண்டனர். ஒன்றில் தட்டச்சிட்ட கவிதை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாயிற்று.

1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுமை தேடியது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது.

ஆயினும் நூலகப் பட்டியலில் ஓர் இடர் எஞ்சியுள்ளது. பட்டியல் மென்பொருள் பெரும்பாலும் எழுத்தையே ஒப்பிடும். ‘ஜவ்வாது’, ‘சவ்வாது’, ‘ஜவாது’ என்றெழுதினால் ஒரு மலை மூன்றாகும். ‘நெல்லிவாசல்நாடு’ என்பதை ஒருவர் சேர்த்தும் ஒருவர் பிரித்தும் எழுதின், ஒன்றைத் தேடுவார்க்கு மற்றது அகப்படாது போகலாம். வேற்று வடிவங்களை ஒரு தலைப்பின்கீழ் இணைப்பது நூலகர் பணி. அது நிகழாவிடின், மலைமக்கள் பற்றிய நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததாகும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார்க்கு ஒரு விண்ணப்பம்: பழைய எழுத்துருவில் உறங்கும் உங்கள் கவிதைகளை ஒருங்குறிக்கு மாற்றிவையுங்கள். படிக்க இயலாத கோப்பும் கரையான் தின்ற ஏடே.